அடகுக்கடைப் பேரேட்டில் நான் பார்த்த வறுமை

1992 ஜூன் மாதம், பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறு வாரம், காரைக்குடியில் ஓர் அடகுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு 16 வயது. எங்கள் பக்கத்தில் வட்டிக்கடையில் எடுபிடியாகச் சேர்கிறவனைப் பெட்டியடிப் பையன் என்பார்கள். செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்துச் சொல் அது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஏற வேண்டும். நான் சேர்ந்த இடத்தில் ஏறுவதற்குப் படிகள் இல்லை. முதலாளி, ஒரு கணக்குப்பிள்ளை, நான், அவ்வளவுதான். தராசைத் துடைப்பது, ரசீதுக்குக் கார்பன் வைப்பது, கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்லப் பேரேட்டில் எழுதுவது. பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலமும் ஞாயிறும் கடை.

சேர்ந்த மூன்றாம் நாள், மீட்க வந்த ஒருவருடைய குத்துவிளக்கை எடுத்து வர உள் அறைக்குப் போனேன். மேல் தட்டில் எங்கள் வீட்டு அண்டா இருந்தது. பித்தளை அண்டா, வாய்ப்பக்கம் ஒரு நெளிவு, கழுத்தில் அப்பத்தா பெயர் வெட்டியிருக்கும். எங்கள் ஊர்களில் பேர் வெட்டாத பாத்திரத்தைப் பார்க்க முடியாது. அம்மா அதை வேறு ஏதோ கடையில் வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் யாரோ பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"என்னடா, விளக்கை எடுக்கச் சொன்னா பராக்குப் பாக்குற?" என்று கணக்குப்பிள்ளை குரல் கொடுத்தார். விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அண்டா பற்றி அவரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர், நல்ல மனிதர்தான், "உழைக்கிறவன் எவனும் இந்தக் காலத்துல ஏழையா இருக்க மாட்டான் தம்பி, எல்லாம் சோம்பேறித்தனம்" என்றார். பாயசம் வந்துகொண்டிருந்தது, பதில் சொல்லவில்லை. ஆறு வருஷம் அந்தக் கடையில் பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுடையது ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டி. அப்பா பூங்கல் பட்டறையில் வேலை பார்த்தார். இன்று ஆத்தங்குடி டைல்ஸ் என்று எல்லா ஊர்க்காரரும் தேடுகிற அதே கல். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ கலையாமல் நிற்கும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி வைப்பார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்த பிறகு கண்ணாடி தானாக விலகும். அந்தப் பக்கம்தான் மினுமினுப்பு. அப்பாவின் கல்லில் நிறம் நிறத்தோடு கலக்காது என்று பட்டறையில் பேர். ஆனால் கூலி கல்லுக்கு இவ்வளவு என்றுதான், நிறம் கலக்காததற்குத் தனிக் காசு கிடையாது.

கல் காய வெயில் வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு மழைக்காலம். அந்த இரண்டு மாதமும் பட்டறை பாதி நாள் மூடியிருக்கும். நல்ல நாளில் அப்பா கொண்டு வந்தது 35 ரூபாய். இதை 30 நாளால் பெருக்கி "மாதம் ஆயிரம் ரூபாய்க் குடும்பம்" என்று யாராவது எழுதினால் கணக்கு தப்பு. மாசியில் ஆயிரம் வரும், கார்த்திகையில் முந்நூறு வரும், வயிறு இரண்டு மாதமும் ஒரே அளவுதான். என் அறிவுக்கு எட்டியவரை வறுமைக்கு முதல் காரணம் வருமானம் குறைவு என்பதை விட, அது எந்த மாதம் வராமல் போகும் என்பதில்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்ப எங்களுக்கு 60 சென்ட் வயல் இருந்தது. கண்மாய்ப் பாசனம், ஒரு போகம். கண்மாய் பெருகினால் நாலைந்து மாதத்துக்கு வீட்டு நெல். பெருகாத வருஷம் வைக்கோல் மட்டும். எங்கள் சீமையை வானம் பார்த்த பூமி என்று சும்மா சொல்லவில்லை.

1991 கார்த்திகையில், தொட்டியிலிருந்து ஈரக் கல்லை அடுக்கித் தூக்கி வரும்போது அப்பா வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மதுரை பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் பார்த்திருப்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே படுத்தால் கூடவே ஓர் ஆள் வேண்டும். அம்மா கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மதுரையில் போய் உட்கார்ந்தால் வீட்டில் வருகிற ஒரே காசும் நிற்கும். பஸ் செலவு, வெளியே சாப்பாடு, இதெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். இலவசத்தை நம்பிப் போகக்கூட எங்களிடம் கைக்காசு இல்லை.

பில் 8,000 ரூபாய். வயலை ஒத்திக்கு வைத்து 4,000. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, 3,000. அண்டா, இரண்டு குடம், அம்மாவின் தோடு, எல்லாம் சேர்த்து அடகில் 1,000.

ஒத்தி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பணம் கொடுத்தவர் வட்டி வாங்க மாட்டார், அதற்குப் பதில் வயலை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கும். ஆனால் கடனை அடைக்க எங்களுக்கு உதவியிருக்க வேண்டிய நெல்லே கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் அரிசியைக் கடையில் வாங்கினோம். அரிசி வாங்கிய காசில்தான் மூன்று வட்டி, அதாவது மாதம் 90 ரூபாய், கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. மூன்று வருஷத்தில் வயல் கிரையமே ஆகிவிட்டது.

அப்பா சோம்பேறி இல்லை. எட்டு மாதத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார், உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை கேட்டார், பாதிக் கூலிக்குக் கலவை கலந்து கொடுத்தார். உழைப்பு அப்படியே இருந்தது, உழைப்பு நின்று பிடிக்கிற இடம் போய்விட்டது.

கூட்டுறவு வங்கியில் பயிர்க் கடன், இல்லாவிட்டால் வயலின் பேரில் ஏதாவது கடன் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பின்னால் கேட்டேன். வயல் தாத்தா பேரில் இருந்தது. அவர் 1978இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருஷம் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைத் திருத்தினார்கள், இன்றும் யுடிஆர் பட்டா என்று சொல்கிறோமே, அதுதான். அப்போதாவது அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் போய்ப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். "எங்க போயிடப் போவுது வயலு" என்று இருந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் வேறு. ஆக, நிலம் இருந்தது, காகிதம் இல்லை. காகிதம் இல்லாத நிலத்துக்கு வங்கி கடன் தராது, வறட்சி நிவாரணமும் வராது. ஒத்திக்கு மட்டும் யாரும் காகிதம் கேட்கவில்லை. கிரையத்தின்போது "பத்திரம் சுத்தமா இல்லியே" என்று விலையைக் குறைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு இரண்டு சித்தப்பாக்களும் வந்து மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

இதனால் நான் யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும், பதினாறாம் நாள் கழிந்ததும் வாய் விட்டுக் கேட்கிறேன், வாரிசுச் சான்று வாங்கிவிட்டீர்களா, பட்டா மாற்ற மனுக் கொடுத்தாயிற்றா என்று. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

அம்மா வேலை பார்த்த ஆச்சி வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு. அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி இரண்டு அறையில்தான் இருந்தார். ராத்திரிக்குப் பழையதோ கஞ்சியோ. அவருடைய மாமனார் கீழ் பர்மாவில் கடை வைத்திருந்தவர்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட்டார்கள், அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பங்கு எங்கள் ஊர்ச் செட்டியார்கள். அங்கிருந்த மற்ற லேவாதேவிக்காரர்களை விட இவர்கள் வட்டி குறைவுதான். 1930இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. விவசாயி வாங்கிய கடன் அதே ரூபாய், விற்கிற நெல்லுக்குப் பாதி ரூபாய். ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வட்டிக்காரனுக்கு வேண்டியது பணம், வயல் இல்லை. ஆனால் பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் என்ன புரியும், அவன் தன் வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். 1942இல் ஜப்பான் வந்தது. பெட்டியையும் பேரேட்டையும் விட்டுவிட்டுப் பலர் நடந்தே இந்தியா வந்தார்கள். 1948இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1962இல் ராணுவ ஆட்சி வந்து மிச்சத்தையும் முடித்தது.

எங்கள் வயலுக்கு நடந்ததும் ஐராவதிக் கரையில் நடந்ததும் ஒரே கணக்கு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஒரு பயிர், ஒரு விலை, ஒரு கடன். மூன்றில் ஒன்று சரிந்தால் நிலம் கைமாறும். வட்டிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த பேச்சு.

ஆச்சி வீடும் ஏழையானதுதான். ஆனால் எப்படி ஏழையானது என்று பாருங்கள். ஒரு வருஷம் வெள்ளிச் சாமான் போகும். நாலு வருஷம் கழித்து ஒரு தேக்கு அலமாரி. அப்புறம் ஜெர்மன் பீங்கான். அந்தச் சரிவு நாற்பது ஐம்பது வருஷம் நடந்தது. அதற்குள் பேரப் பிள்ளைகள் சென்னையில் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் கார்த்திகையில் கால் உடைந்தது, மாசிக்குள் இருந்ததெல்லாம் ஒத்தியிலும் அடகிலும் போய்விட்டது. விற்பதற்குப் பொருள் இருக்கிறவன் படி இறங்கி வருவான், எங்களுக்குப் படியே இல்லை.

இதைப் பின்னால் ஆராய்ச்சியாகவும் படித்தேன். அனிருத் கிருஷ்ணா என்ற அறிஞர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா, கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் வீடு வீடாகப் போய், யார் வறுமையில் விழுந்தார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று விசாரித்திருக்கிறார். விழுந்தவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது நோயும் வைத்தியச் செலவும். இன்னொன்றும் சொல்கிறார், ஒரே காலத்தில் ஒரே ஊரில் சில வீடுகள் வறுமையிலிருந்து ஏறும், சில வீடுகள் விழும். அரசாங்கத்தின் வறுமைக் கோட்டுக்கு இது தெரியாது. 2011-12இல் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 816 ரூபாய் என்று கோடு போட்டார்கள், நாளுக்கு 27 ரூபாய். அதற்கு மேலே 30 ரூபாயில் நிற்கிறவனை ஏழை இல்லை என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவனுக்கும் ஒரு கார்த்திகை இருக்கிறது.

பேரேட்டுக்கு வருகிறேன். ஆறு வருஷத்தில் எனக்குப் புரிந்த முதல் விஷயம், கூட்டம் எப்போது வரும் என்பது. ஜூன் தொடக்கத்தில் வரும், பள்ளிக்கூடம் திறக்கிறது. தீபாவளிக்கு முன்னால் வரும், அதோடு மழையும் சேரும். தை, மாசியில் ஒரு பக்கம் மீட்க வருவார்கள், இன்னொரு பக்கம் கல்யாணத்துக்கு வைக்க வருவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டை எடுக்கிற பெண்ணுக்கு நான் ரசீது போடும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டேன், அவரும் பார்க்க மாட்டார்.

இரண்டாவது, எது மீளும், எது மூழ்கும், அதாவது மீட்காமல் கடையோடு போய்விடும் என்பது. ஒரே ரசீதில் தோடு, மூக்குத்தி, குடம், அண்டா என்று மொத்தமாக வைத்தவை பெரும்பாலும் மூழ்கின. காரணம் எளிது. மொத்தத்தையும் மீட்க 900 ரூபாய் வேண்டும், கையில் 200தான் இருக்கும், அந்த 200 வட்டிக்குப் போகும். தனித்தனி ரசீதாக வைத்தவர்கள் சின்னதை முதலில் மீட்டார்கள், பிறகு அடுத்தது. எங்கள் அம்மா வைத்தது ஒரே ரசீது. நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தும் அண்டாவைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் வங்கியில் நகைக் கடன் வைக்கப் போகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன், வளையல் வேறு, சங்கிலி வேறு, தோடு வேறு என்று பிரித்து வையுங்கள். கவுண்ட்டரில் அலுத்துக்கொள்வார்கள், அலுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, தேதி. எங்கள் கடையில் மாதம் முடிந்து ஒரு நாள் ஆனாலும் அடுத்த மாதத்து வட்டி முழுசாக உண்டு. 31ஆம் நாள் காசோடு ஓடி வருகிறவர் ஒரு நாளுக்கு ஒரு மாத வட்டி கட்டுவார். முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிற வழக்கமும் இருந்தது, 1,000 என்று எழுதுவார்கள், கையில் 970 வரும், வட்டி மட்டும் 1,000க்கு. நான் இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பெருமையாகச் சொல்லவில்லை.

ஏழைக்கு எல்லாமே விலை கூடுதல். எண்ணெயை 50 மில்லியாக வாங்கினால் லிட்டர் விலையை விட அதிகம். பணமும் அப்படித்தான், சின்னச் சின்னதாக வாங்கினால் விலை ஏறும்.

சரி, குடி? பந்தியில் அந்தப் பெரியவர் அதையும் சொன்னார். மறைக்க மாட்டேன், குடியால் மூழ்கிய நகை நிறைய உண்டு. தாலியில் கோத்திருந்த குண்டுமணியை எடை போட்டிருக்கிறேன். ஆனால் பேரேட்டில் நான் பார்த்த வரிசை வேறு. முதலில் வேலை போகும் அல்லது வயல் போகும், அப்புறம் குடி கூடும். குடித்தே அழிந்தவர்களும் இருந்தார்கள், மற்றவர்களை விடக் குறைவாக. "பிள்ளை பெருத்தால் வறுமை" என்பதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைக்கும் குறைவு என்று குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கடன் மட்டும் குறைந்தபாடில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கில் எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தவளை, அப்பா விழுந்த பிறகு, புதுவயலில் அத்தை வீட்டில் தங்க வைத்து, அரிசி ஆலைக் களத்தில் நெல் அவித்துக் காய வைக்கிற வேலைக்கு அனுப்பினோம். நடு வெயிலில் வெறுங்காலில் நெல்லைக் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். மூன்று வட்டிக் கடனைப் பின்னால் அடைத்தது அவள் கூலி. நான் அழகப்பா கல்லூரியில் பி.காம். படித்தேன் என்றால் அதற்கும் அவள் கூலிதான். கணக்கில் அவளை விட எனக்குக் கொஞ்சம் மந்தம், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் பெண்ணாகப் பிறந்தாள் என்பதைத் தவிர இந்த ஏற்பாட்டுக்கு வேறு காரணம் இல்லை.

அழகப்பா என்றதும் ஒரு விஷயம். வெளிநாட்டில் ஈட்டிய பணம் ஊரில் மாளிகையானது, கோயிலானது, கல்யாணமானது. ஆலையானதும் கல்லூரியானதும் குறைவு. வள்ளல் அழகப்பர் போன்ற சிலர் விதிவிலக்கு. 1947இல் கல்லூரி, அப்புறம் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் ஏறி வந்த படிக்கட்டு அந்தக் கல்லூரிகள்தான், என் குடும்பமும் அதில் ஒன்று. தேக்குத் தூண் ஒன்றுக்கு ஆன செலவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆச்சி வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் அப்படிக் கணக்குப் போடுவதும் நன்றாக இல்லை, விட்டுவிடுகிறேன்.

1982இல் சத்துணவு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் அக்கா எட்டாவது வரை கூடப் போயிருக்க மாட்டாள். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் எங்கள் சிவகங்கையும் ஒன்று. கண்மாய்க் கரையில் மண் வெட்டிய கூலி எவ்வளவு என்பதை விட, வேலை இல்லாத மாதத்திலும் கொஞ்சம் காசு வரும் என்பதுதான் பெரிது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசில்லை. பல பரிமாண வறுமை என்று, வருமானத்தை இல்லாமல் உடல்நலம், படிப்பு, வீட்டு வசதி இவற்றைப் பார்த்து நிதி ஆயோக் எடுத்த கணக்கில், ஏழைகள் 2019-21இல் நாடு முழுக்க 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். நம்புகிறேன். பசியை எங்கள் ஊரில் இப்போது நான் பார்ப்பதில்லை. கடனைப் பார்க்கிறேன்.

இப்போது கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மகளிர் குழுக்களின் புத்தகங்களும் என்னிடம் வருகின்றன. சென்ற ஐப்பசியில் ஒரு பெண் வந்தார், கணவர் பூங்கல் பட்டறையில். வாராவாரம் கட்டுகிற கடன் அட்டை மூன்று, தினமும் கட்டுகிற தண்டல் சீட்டு ஒன்று. முதல் அட்டைக்குக் கட்ட இரண்டாவது, இரண்டாவதுக்குக் கட்ட மூன்றாவது.

"தண்டல் பரவாயில்லைண்ணே, நாளுக்கு நூறு ரூபாதானே, நூறு நாளு" என்றார்.

"கையில எவ்வளவு குடுத்தாங்க?"

"பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐநூறு."

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். முதல் நாளே 1,500 போயிற்று. மிச்ச 8,500உம் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை, தினமும் நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்கள் கையில். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 120 சதவீதத்துக்குக் குறையாமல் வருகிறது, அதாவது பத்து வட்டி. கந்து வட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் "பத்து வட்டி" என்று கேட்டால் அடிக்க வருகிறவர்கள் "நாளுக்கு நூறு" என்றால் தலையாட்டுகிறார்கள். எந்தக் கடனாக இருந்தாலும் நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று எங்கள் அப்பத்தா பாஷைக்கு மாற்றிக் கேளுங்கள். சொல்ல மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

அவர் கழுத்தில் ஒரு சங்கிலி இருந்தது. அதை வங்கியில் வைத்துத் தண்டலையும் மூன்றாவது அட்டையையும் அடைக்கச் சொன்னேன். நகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பத்து வட்டி கட்டுவது எங்கள் ஊரில் நிறையப் பேர் செய்கிற தப்பு. நகை கழுத்தில் இருக்கிற வரை கௌரவம், அது சரிதான், அந்தக் கௌரவத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்றும் தெரிய வேண்டும். தையல் மிஷின், கறவை மாடு, அவர் கணவரின் அச்சு, இவற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. எங்கள் வயல் போன கதையை அவருக்குச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். செலவு எழுதும் நோட்டு இல்லை, அதை ஏழைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு காசும் அவருக்கு ஞாபகம் இருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் பட்டறை ஓடியது என்று ஒரு வருஷம் எழுதச் சொன்னேன். எழுதியதில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சேர்ந்து 19 நாள்தான் வந்தது. தை முதல் ஆனி வரை தபால் ஆபீசில் மாதம் 500 போடுகிறார் இப்போது. மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று. மொய் வட்டியில்லாக் கடன்தான், ஆனால் எந்த மாதம் கேட்கும் என்று நம் கையில் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவரிடம் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் கிடைக்கும், வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அதை வாங்க ஒரு நாள் கூலி போகும் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டிருந்தார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுக்க வைத்தேன். 1991இல் அப்பாவுக்கு இப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. தொழிலாளர் நல வாரியப் பதிவும் அவர் கணவருக்குக் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பிக்க மூன்று நடை ஆயிற்று. மூன்று நாள் கூலியை இழக்க முடியாததால்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், இதுவும் ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு வேலையாகப் போனேன். பழம்பொருள் கடைகள் இருக்கிற தெரு. பழைய வீடுகளின் கதவு, தூண், பீங்கான் பரணி, மைசூர்ப் படம் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஒரு கடை வாசலில் பித்தளை அண்டா இருந்தது. எங்களுடையது இல்லை, நெளிவு கிடையாது. கழுத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது.

விலை கேட்டேன். 14,000 என்றார்கள். பித்தளை எடைக்கு இவ்வளவு வராதே என்றேன்.

"பேரு வெட்டிருக்கு பாருங்க சார். வெளியூர்ல இருந்து வர்றவங்க அதுக்குத்தான் காசு குடுக்குறாங்க."

நாங்கள் அடகு எழுதிய காலத்தில் பேர் வெட்டிய பாத்திரத்துக்கு எடைதான், அதிலும் கொஞ்சம் கழிப்போம். கடைக்கு வெளியே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பத்தாவுடையது மாதிரியே ஒன்று இருக்கிறது, வாங்கவா என்று கேட்டேன்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"கிறுக்கா ஒனக்கு? வீட்ல அண்டா வைக்க எடமெங்க இருக்கு. சின்னவ பீஸ் கட்ட ஜூன்ல காசு வேணும்னு சொன்னேன்ல, அதுல போடு" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.